புல்லுக்கு அடியில் ஒரு தெப்பக்குளம்

கேள்வி: சார், திருமங்கலம் பக்கத்தில் அப்பாவின் கரிசல் காட்டில் 100 அடிக்கு 60 அடியில் டர்ஃப் கிரவுண்டு போட்டு இரண்டு வருடம் ஆகிறது. ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்தார்கள். அதில் ஒன்பது இஞ்ச் ஒன்றரை ஜல்லி, நாலு இஞ்ச் முக்கால் ஜல்லி, ஐந்து இஞ்ச் கிரஷர் டஸ்ட் போட்டு மேலே செயற்கைப் புல் விரித்தார்கள். வலைக் கம்பம் நடுவதற்காகச் சுற்றிலும் கான்கிரீட் பீம் இருக்கிறது. முதல் இரண்டு மழைக்கு ஒரு சொட்டுக்கூட நிற்காது. தீபாவளி தாண்டிவிட்டால் சாதாரணத் தூறலுக்கே நின்றுவிடுகிறது, கால் வைத்தால் ‘சளக் சளக்’ என்கிறது. இரண்டு வருடமும் இதே கதை. வேலை செய்து கொடுத்தவர், “புல்லில் துளை போட்டு மண்ணுக்குள் போர் இறக்கி ஜல்லி நிரப்பலாம்” என்கிறார். பக்கத்துக் கொத்தனார் சோக்பிட் (தண்ணீர் மண்ணில் ஊறுவதற்கான கல் நிரப்பிய குழி) வெட்டச் சொல்கிறார். இன்னொருவர் புல்லை எடுத்துவிட்டு அரை அடி மணல் ஏற்றச் சொல்லி மூன்று லட்சம் கேட்கிறார். எதைச் செய்வது? கம்பம் ஒன்று வேறு சாய்ந்து நிற்கிறது. (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

பதில்: தம்பி, மூன்றில் எதையும் செய்ய வேண்டாம். பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ‘முதல் இரண்டு மழைக்கு நிற்காது, தீபாவளி தாண்டினால் நிற்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரிதான். புல்லில் அடைப்பு என்றால் முதல் மழைக்கே நின்றிருக்கும். டஸ்ட் அடைத்திருந்தாலும் அப்படித்தான். முதலில் உள்ளே வாங்கிக்கொண்டு, அப்புறம் வாங்க மறுக்கிறது என்றால் கீழே ஏதோ நிரம்புகிறது என்று அர்த்தம்.

கணக்குப் போடுவோம். ஜல்லி மொத்தம் 13 இஞ்ச், அதாவது 330 மி.மீ. கொட்டிய ஜல்லியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது. அப்படியானால் உங்கள் ஜல்லிக்குள் சுமார் 130 மி.மீ. மழை அடங்கும். ஐப்பசி அடைமழையில் அந்த அளவு சேர எத்தனை நாள் ஆகும்? முதல் இரண்டு மழையும் சத்தமில்லாமல் ஜல்லிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தீபாவளி சமயத்தில் தொட்டி விளிம்பு வரை வந்தாயிற்று. அதற்குமேல் பெய்கிற ஒவ்வொரு சொட்டும் மேலேதான் நிற்கும். வேலை செய்து கொடுத்தவர் முதல் மழையைக் காட்டி “பார்த்தீர்களா, நிற்கவில்லை” என்று சொல்லியிருப்பாரே? அவர் பொய் சொல்லவில்லை, தொட்டி அப்போது காலியாக இருந்தது, அவ்வளவுதான்.

திருமலை நாயக்கர் மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் 1645இல் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமானது என்று மதுரையில் சொல்வார்கள். களிமண் இடத்தில் பள்ளம் தோண்டி, சுற்றிலும் சுவர் எடுத்தால் குளம்தான் வரும். நீங்களும் அதையே செய்திருக்கிறீர்கள். பள்ளம் ஒன்றரை அடி, சுவருக்குப் பதில் கான்கிரீட் பீம், தண்ணீர் கண்ணில் படாமல் மேலே ஒரு பச்சைப் பாய்.

கரிசல் மண்ணின் குணம் உங்கள் அப்பாவுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், முதல் மழைத் தண்ணீர் அந்த வெடிப்பு வழியே கடகடவென்று இறங்கும். நனைந்ததும் மண் ஊதும், வெடிப்பு மூடிக்கொள்ளும், அதோடு கதவு சாத்தியாயிற்று. நன்றாக நனைந்த களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. தண்ணீரைத்தான் உள்ளே விடும், நல்ல கரிசல் அதையும் விடாது. உங்கள் புல்லின் விவரத் தாளில் ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் வடியும் என்று போட்டிருக்கலாம், பல கம்பெனிகள் அப்படித்தான் போடுகின்றன. அது மணிக்கு 3,600 மி.மீ. மழைக்குச் சமம். புல் விடுகிற வேகம் அது, மண் வாங்குகிற வேகம் இது. புல்லை விற்பவர் முதல் எண்ணை மட்டும் சொல்வார்.

நெல் வயலில் நடவுக்கு முன்னால் தொழி அடிப்பது எதற்கு? சேற்றை மிதித்துக் கலக்கி, தண்ணீர் கீழே இறங்காமல் அடைப்பதற்கு. நனைந்த களிமண்மேல் ஜல்லியைக் கொட்டி ரோலர் ஓட்டியபோதே உங்கள் கிரவுண்டுக்குத் தொழி அடித்தாயிற்று. ஆகவே களிமண்ணில் தண்ணீரைக் கீழே இறக்கப் பார்க்காதீர்கள், ஓரத்துக்கு ஓட்டப் பாருங்கள். நான் பார்க்கிற கிரவுண்டுகளில் பாதிக்குமேல் பிழை இந்த ஒரே இடத்தில்தான்.

அந்த மூன்று யோசனைகளும் ஏன் ஆகாது என்று இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். போர் இறக்கி ஜல்லி நிரப்பினால் தொட்டிக்கு அடியில் பத்து டம்ளர் வைத்த மாதிரி. அவையும் நிரம்பும். அதைவிட மோசம், துளை இருக்கிற இடத்தில் மட்டும் களிமண் ஆழம்வரை நனைந்து ஊதும், புல் மேடு பள்ளமாகும். சோக்பிட் என்றால், நாலுக்கு நாலு அடியில் ஆறடி ஆழம் வெட்டிக் கல் நிரப்பினால் அதில் கொள்ளும் தண்ணீர் ஆயிரம் லிட்டரைச் சற்றே தாண்டும். 50 மி.மீ. மழை பெய்தால் உங்கள் கிரவுண்டில் மட்டும் விழுவது கிட்டத்தட்ட 28,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டுக்குமேல். செம்மண்ணில் சோக்பிட் நன்றாக வேலை செய்யும், அழகர்கோயில் பக்கம் நானே வெட்டிக் கொடுத்திருக்கிறேன். கரிசலில் அது கொசு வளர்க்கிற குழி. மணல் ஏற்றுவது? தொட்டியின் ஆழம் இன்னும் அரை அடி கூடும், அதுவும் மூன்று லட்சத்துக்கு.

ஆனால் நான் எழுதினேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள், சோதித்துப் பாருங்கள். மழை விட்டு மூன்று நாள் கழித்து, கிரவுண்டில் எந்த மூலை தாழ்வோ அங்கே புல்லின் ஓரத்தைக் கிளப்புங்கள். பசை பிடித்திருக்கும், சுரண்டியை விட்டுப் பொறுமையாக எடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி குழி, அடிமண் தட்டும்வரை. போன மார்கழியில் இன்னொரு கிரவுண்டில் இதையே செய்தோம். மேலே இருந்த கிரஷர் டஸ்ட் சிமெண்ட் தரை மாதிரி இறுகிக் கிடந்தது, கடப்பாரை போட்டுத்தான் உடைக்க முடிந்தது. அதற்குக் கீழே எட்டு இஞ்சில் ஜல்லிக்கு நடுவே தண்ணீர் பளபளத்தது. மக்கில் மொண்டு பார்த்தால் கறுப்பு, சாக்கடை வாடை. அடி ஜல்லியைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு கல்லும் எள்ளுருண்டை மாதிரி கரிசல் பூசிக்கொண்டு வந்தது. “மழை நின்று ஒன்பது நாள் ஆச்சு சார்” என்றார் கிரவுண்டுக்காரர். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, மொண்டு எடுத்த குழி மறுபடி நிரம்பியது.

உங்கள் குழியிலும் தண்ணீர் இருந்தால் நான் சொன்னது சரி. குழி காய்ந்திருந்து மேலே மட்டும் தண்ணீர் நிற்கிறது என்றால் நான் சொன்னது தப்பு, கோளாறு டஸ்டில் அல்லது புல்லில். அதைக் கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். அடி நீக்கிய பெயிண்ட் டப்பா ஒன்றைப் புல்லின்மேல் அழுத்தி வைத்து, அதில் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு புல்லைக் கிளப்பிய இடத்தில் டஸ்டின்மேல் அதே டப்பாவை வைத்து ஊற்றுங்கள். எங்கே தயங்குகிறதோ அங்கே அடைப்பு. உங்களுக்குத் தொட்டி நிரம்புவதோடு டஸ்ட் அடைப்பும் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, தொட்டிக்கு வாசல் வைப்போம்.

அதற்கு முன்னால் வெளித் தண்ணீரை நிறுத்துங்கள். வண்டி நிறுத்துகிற இடத்து மழைத் தண்ணீர், உட்காருகிற ஷெட்டின் கூரைத் தண்ணீர் எல்லாம் எங்கே போகிறது என்று மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு தடவை நின்று பாருங்கள். கிரவுண்டுப் பக்கம் வந்தால் மேட்டுப் பக்கம் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுங்கள். மண்வெட்டி வேலை, ஒரு நாள் கூலி. சாயங்காலம் புல் சூடு தணிய ஓஸ் பைப்பில் தண்ணீர் அடிக்கிறீர்களா? அதையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அதே தொட்டிக்குள்தான் போகிறது.

இப்போது பீம். தாழ்வான பக்கம் நீளவாக்கில் இருந்தால் நல்லது. அந்தப் பக்கம் பீமில் பத்தடிக்கு ஒன்றாக, கான்கிரீட்டை வட்டமாக அறுக்கிற கோர் கட்டிங் மிஷினால் நாலு இஞ்ச் துளை போடச் சொல்லுங்கள். சுத்தியல் போட்டு உடைக்க விடாதீர்கள், அந்த பீமில்தான் கம்பம் நிற்கிறது. கம்பிகளையும் கம்பத்தின் அடியையும் விட்டு விலகித் துளைக்க வேண்டும். துளை வர வேண்டிய மட்டம் முக்கியம்: ஜல்லியின் அடி எந்த மட்டமோ அந்த மட்டம். பலர் குனிய அலுப்புப்பட்டு அரை அடி மேலே போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் அரை அடித் தண்ணீர் உள்ளேயே காலமெல்லாம் நிற்கும். பீம் ஒன்றரை அடி ஆழம்வரை இறங்கவில்லை, அதற்குக் கீழே வெறும் மண்தான் என்றால் இன்னும் சுலபம், பீமுக்கு அடியில் குடைந்து பைப்பைச் செருகிவிடலாம்.

துளைகளுக்கு வெளியே, பீமை ஒட்டாமல் ஒன்றரை அடி தள்ளி, நீளத்துக்கும் ஒரு பள்ளம். ஒரு அடி அகலம், இரண்டு அடி ஆழம். பள்ளத்தில் முதலில் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரியுங்கள், கம்பளி மாதிரி இருக்கிற நெய்யாத வகை, 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) போதும். அதற்குள் இரண்டு இஞ்ச் முக்கால் ஜல்லி, அதன்மேல் துளை போட்ட நாலு இஞ்ச் பிவிசி பைப், மறுபடி ஜல்லி, கடைசியில் துணியை மேலே மடித்து மூடிவிடுங்கள், பொட்டலம் கட்டுகிற மாதிரி. பீம் துளை ஒவ்வொன்றிலிருந்தும் இந்தப் பள்ளத்து ஜல்லிக்கு ஒரு துண்டுப் பைப். பைப்பில் துளை கீழ்ப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். இதைச் சொன்னால் எல்லாக் கொத்தனாரும் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். “தண்ணீர் மேலேயிருந்துதானே சார் வருது?” பள்ளத்தில் தண்ணீர் அடியிலிருந்து ஏறுகிறது. துளை மேலே இருந்தால் பைப் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய பிறகுதான் உள்ளே விழும், கீழே இருந்தால் ஏறத் தொடங்கியதுமே ஓடும். துணியைப் பைப்பின்மேல் நேரடியாகச் சுற்றுவதும் வேண்டாம், கரிசலில் அது ஒரே வருடத்தில் பூசி அடைத்துக்கொள்ளும்.

பைப் எங்கே போய் முடிவது? எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் இது. பக்கத்தில் கண்மாய்க்குப் போகிற வரத்துக்காலோ ஓடையோ இருந்தால் அங்கே கொண்டுபோகலாம். 200 அடிக்கு ஒரு அடி வாட்டம் போதும். பள்ளம் தொடங்கும் இடத்தில் ஆழம் இரண்டு அடி, பள்ளத்தின் 100 அடியில் இன்னும் அரை அடி இறங்கும், ஓடைவரை மீதித் தூரத்துக்கு அதே வாட்டம். கொத்தனாரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாய்) இருக்கும், இரண்டு பேர் பிடித்தால் அரை மணி நேரத்தில் மட்டம் தெரிந்துவிடும். கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள், கரிசல் காடு எப்போதும் தட்டையாகத்தான் தெரியும். ஓடையின் அடி மட்டத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. கரையில் காய்ந்த செத்தையும் குப்பையும் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும், அதுதான் மழைக்காலத் தண்ணீர் மட்டம். உங்கள் பைப் அந்தக் கோட்டுக்குக் கீழே போய் முடிந்தால், ஓடை நிறையும்போது அதன் தண்ணீர் உங்கள் கிரவுண்டுக்கு விருந்துக்கு வரும்.

அடுத்தவர் வயலில் தண்ணீரை விடாதீர்கள். வரத்துக்காலில் விடுவதற்கும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், அது ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாயா, நீர்வளத் துறைக் கண்மாயா என்று பஞ்சாயத்து ஆபீசில் சொல்வார்கள். பைப் முடிகிற இடத்தில் இரண்டடிக்கு இரண்டடி தொட்டி கட்டி, சல்லடை வலை போட்டு, அதன்பிறகு தண்ணீரை வெளியே விடுங்கள். புல்லுக்கு நடுவே போடுகிற கறுப்பு ரப்பர் துகள் மழையில் நிறைய அடித்துக்கொண்டு வரும். அது கண்மாய்க்குப் போனால் மீன், ஆடு, மாடு எல்லாவற்றுக்கும் தொல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் போட்ட விதிப்படி 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே இந்தத் துகளை விற்கவே முடியாது. நம் ஊரில் விதி வருகிறவரை காத்திருக்க வேண்டாம், ஒரு சல்லடைதானே.

வாட்டம் கிடைக்கவில்லை என்றால் கிரவுண்டின் மூலையில் நாலடி அகலச் சிமெண்ட் உறை ஆறு அடி ஆழத்துக்கு இறக்கி, பைப்பை அதில் விட்டு, மிதவை சுவிட்ச் வைத்த சின்ன மோட்டார் போடுங்கள். தண்ணீர் ஏறினால் தானே ஓடும், இறங்கினால் தானே நிற்கும். மழையில் கரண்டு போகும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஜல்லித் தொட்டியே 130 மி.மீ. மழையைத் தாங்கும், ஆறு மணி நேரம் கரண்டு இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. இத்தனை நாள் எதிரியாக இருந்த தொட்டி இப்போது நமக்கு வேலை செய்கிறது. உறைக்கு மூடி போட மறக்காதீர்கள், கிரவுண்டுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.

இவ்வளவும் புல்லைத் தொடாமல் செய்கிற வேலை. ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். உங்கள் தொல்லையில் முக்கால்வாசி இதிலேயே தீரும் என்பது என் கணிப்பு. மீதிக் கால்வாசி கிரஷர் டஸ்ட். கழுவாத டஸ்டில் மாவு மாதிரியான தூள் நிறைய இருக்கும், நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து இறுகிவிடும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தண்ணீர் நின்றால், அந்த இடங்களில் மட்டும் புல்லை இணைப்போடு பிரித்துச் சுருட்டி, டஸ்டைச் சுரண்டி எடுத்துவிட்டு 6 எம்.எம். சிப்ஸ் (பொடி ஜல்லி) போட்டுத் தட்டுங்கள். முழுக் கிரவுண்டையும் பிரிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இணைப்பு டேப்பும் பசையும் ஈரத்தில் ஒட்டாது, ஆகவே இந்த வேலை பங்குனி வெயிலில்தான். ஏப்ரல், மே லீவில் உங்களுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிவரை புக்கிங் இருக்கும். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் கிரவுண்டு எப்படியும் காற்றாடும், அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கரிசலில் புதிதாகக் கிரவுண்டு போட நினைக்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரு பத்தி. பள்ளம் வெட்டாதீர்கள், மேடு கட்டுங்கள். புல் பூண்டு இருக்கிற மேல்மண்ணை மட்டும் வழித்துவிட்டு, அந்தக் களிமண்ணையே நடுவில் உயரமாக, இரண்டு ஓரமும் தாழ்வாகச் சீவுங்கள். 60 அடி அகலத்துக்கு நடுவிலிருந்து ஓரம்வரை 30 அடியில் மூன்று இஞ்ச் சரிவு. விளையாடுகிறவனுக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது, தண்ணீருக்கு நன்றாகத் தெரியும். சரிவு களிமண்ணில் இருக்க வேண்டும், மேலே டஸ்டில் மட்டும் சரிவு காட்டி ஏமாற்றுவது வழக்கமாகிவிட்டது. கோடையில் வெடித்துக் கிடக்கிற மண்மேல் அப்படியே எதையும் கொட்டாதீர்கள். இரண்டு மூன்று நாள் தண்ணீர் தெளித்து வெடிப்பு மூடிய பிறகு, சேறாகாத பதத்தில் ரோலர் ஓட்டுங்கள். அதன்மேல் முக்கால் அடி கிராவல் மண் அதே சரிவில், நன்றாக இறுக்கி. கிராவல் கிடைக்காத இடத்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு சுண்ணாம்புத் தூளை மேல் களிமண்ணோடு கலந்து இறுக்கினாலும் ஊதுகிற குணம் அடங்கும். அப்புறம் துணி, ஜல்லி, சிப்ஸ், புல். துணியை மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாவிட்டால் சேறு ஜல்லிக்குள் ஏறும், மார்கழியில் நான் பார்த்த எள்ளுருண்டை அப்படி வந்ததுதான்.

சாய்ந்த கம்பம்: அதுவும் கரிசல் வேலைதான். ஆழம் குறைந்த அஸ்திவாரத்தை மண் ஊதும்போது தூக்கும், சுருங்கும்போது விடும். இந்த மண்ணுக்கென்றே ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் அடி அகன்ற பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) முறையை உருவாக்கியது, மேல்மண் என்ன ஆட்டம் போட்டாலும் கீழே குமிழ் மாதிரி அகன்ற அடி பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு கம்பத்துக்காக இப்போது அவ்வளவு வேண்டாம். வடிகால் போட்ட பிறகு அந்த இடத்து ஈரம் ஒரு நிலைக்கு வரும், ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும். அதுவரை கம்பத்தில் தூக்குக்குண்டு கட்டி, மாதம் ஒரு தடவை எத்தனை இஞ்ச் சாய்வு என்று நோட்டில் குறித்து வையுங்கள். வேப்பமரம் ஏதாவது பத்தடிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள், வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சினாலும் கம்பம் சாயும்.

குழி வெட்டியதும் இரண்டு அளவு எடுத்து எழுதுங்கள்: மேலேயிருந்து தண்ணீர் எத்தனை இஞ்சில் தென்பட்டது, ஜல்லியின் அடி எத்தனை இஞ்சில் முடிந்தது. பீம் துளையின் மட்டத்தை அதை வைத்துச் சொல்லிவிடலாம். அதுவரை கோர் கட்டிங் ஆளுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.